பத்தாவது பாடம்

மார்லீன் ஹ்ரூஸ்காவுக்குக் கணக்குத் தப்பியதே இல்லை என்று நெப்ராஸ்காவில் எங்கள் ஊர்ப் பள்ளி முழுக்கச் சொல்லும். அப்படிச் சொல்லவைத்தவளே அவள்தான். பத்தொன்பது வருஷமாக மாணவர் ஆலோசகர். கல்லூரி அணியில் சேரப்போகும் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் அவள் கையைத் தாண்டித்தான் போகும். எதிர் மேஜையில் உட்கார்ந்து அவள் பெருமையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள் நான்.

பள்ளியின் கடைசி வருஷம் தொடங்கிய முதல் நாள் மதியம், டெஸ்ஸா வோண்ட்ராவின் பட்டியலைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. டெஸ்ஸா வாலிபால் ஆடுகிறவள். அப்பா தானியக் கிடங்கில் வேலை. பல்கலைக்கழகம் ஒன்று முழு உதவித்தொகை தருவதாக எழுதியிருந்தது. ஆனால் கல்லூரி விளையாட்டு விதிப்படி, கடைசி வருஷம் தொடங்குமுன் பத்து முக்கியப் பாடங்கள் முடிந்திருக்க வேண்டும். தொடங்கிவிட்டால் ஈடுகட்ட வழியில்லை. அல்ஜீப்ராவை இரண்டு வருஷம் இழுத்துப் படித்தாலும் அது ஒரே பாடம்தான். மார்லீன் அதை இரண்டாக எண்ணியிருந்தாள். கையில் இருந்தது ஒன்பது.

பெண்ணைக் கூப்பிட்டு ஒளிக்காமல் சொன்னாள். டெஸ்ஸா பதறவில்லை. ஜூன் விடுமுறையிலேயே பதினாலாம் அறையில் ஜியாமெட்ரி படித்து முடித்துவிட்டதாகச் சொன்னாள்.

"யாரு நடத்தினாங்க?"

"பெசெக் சார், மேடம். நான் ஒருத்திதான் வகுப்புல. ரொம்பக் கண்டிப்பு. அவரு உக்காரவே மாட்டாரு."

எங்கள் பள்ளிக் கணக்கு ஆசிரியர் ஆர்வில் பெசெக்கை நாங்கள் அடக்கம் செய்து ஆறு வருஷம். டெஸ்ஸா இந்த ஊருக்கு வந்ததே அதற்குப் பிறகுதான். அந்த அறையில் உடைந்த நாற்காலிகளை அடைத்துப் பூட்டி வைத்திருக்கிறோம். டெஸ்ஸா தன் நோட்டை நீட்டினாள். பக்கமெல்லாம் சிவப்புப் பென்சில் திருத்தம். ஒவ்வொரு ஏழுக்கும் நடுவே குறுக்குக் கோடு. பெசெக் போடுவது அப்படித்தான்.

மார்லீன் ஒரு தேற்றத்தைக் கேட்டாள். பெண் தடங்கல் இல்லாமல் நிரூபித்துவிட்டுப் போனாள்.

"படிச்சிருக்கா. நான் எழுதப்போறதுல எது பொய்?" என்றாள் மார்லீன்.

"ஆளே பொய்," என்றேன்.

"தப்பு என்னோடது. அவ ஏன் அனுபவிக்கணும்?"

பட்டியலில் ஜியாமெட்ரியைச் சேர்த்து, ஆசிரியர் என்ற இடத்தில் பெசெக்கின் பெயரை எழுதி அனுப்பிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து, கல்லூரி அணிகளில் சேருகிறவர்களின் தகுதி பார்க்கும் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பத்துப் பாடங்களும் ஏற்கப்பட்டனவாம். செவ்வாய்க்கிழமை ஆசிரியர் பெசெக்கிடம் தொலைபேசியில் பேசி உறுதி செய்துகொண்டார்களாம். கீழே இன்னொரு வரி: ஒன்றை இரண்டாக எண்ணியவரை வரும் ஜூனில் வகுப்புக்கு அனுப்பிவைக்கும்படி அவர் கேட்டுக்கொண்டார்.

அந்த வருஷம் முழுக்க, போகாதே என்று மன்றாடினேன். பயத்தில் திட்டவும் செய்தேன்.

"அவரு பேச்சை நம்பித்தான் அந்தப் பொண்ணுக்கு இடம் குடுத்திருக்காங்க. நான் போகாம இருந்து, அவரு பேச்சை மாத்திட்டா?" என்றாள்.

ஜூன் முதல் திங்கள்கிழமை காலை, மார்லீன் புது நோட்டோடு வந்து பதினாலாம் அறைக் கதவைத் தட்டினாள். உள்ளே யாரோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.