ஊசி அக்கா வந்த செவ்வாய்க்கிழமை

1992 ஆகஸ்ட் 11, செவ்வாய்க்கிழமை. காலையில் அம்மா ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, சோதனைக் குழாயில் நீல மருந்தோடு என் சிறுநீரில் சில சொட்டுகளைக் கொதிக்க வைத்தாள். லேசான பச்சைக்கு மாறியது; சர்க்கரை கொஞ்சம்தான். மண்பானைக்குள் குளிர்ச்சியாக வைத்திருந்த இன்சுலினை எடுத்து என் தொடையில் போட்டாள். முந்தின இரவு இரண்டாம் ஷிப்ட் முடித்து வந்த அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். சீருடை அணிந்து, அம்பத்தூரில் எங்கள் தெருக்கோடிக்கு அப்பாலிருந்த பள்ளிக்குப் புறப்பட்டேன். மற்ற நாட்களுக்கும் செவ்வாய்க்கும் ஒரே வித்தியாசம், செவ்வாயன்று எனக்குக் காலை இட்லி கிடையாது.

அப்போது எனக்குப் பத்து வயது. முந்தின வருடம்தான் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. பெரிய மருத்துவமனைக் கூட்டத்துக்கு நடுவே டாக்டர் சொன்னதில் அம்மாவின் மனதில் நின்றது ஒன்றுதான்: ஊசியை ஒரு நாளும் விடக் கூடாது. மீதியை அக்கம்பக்கத்துப் பெரியவர்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். சர்க்கரை வந்தவர்கள் எல்லாரும் வாயைக் கட்டினார்கள். எனவே எனக்கும் பட்டினி நல்லது என்று நம்பினாள். நான் குணமாக வேண்டும் என்று, ஒன்பது செவ்வாய்க்கிழமைகள், மாலையில் கோயிலில் நவநாள் ஜெபம் முடியும்வரை என்னைச் சாப்பிடாமல் வைப்பதாக அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டாள். வெளியே சொன்னால் நேர்ச்சை பலிக்காது என்பாள். அப்பாவுக்குக்கூடத் தெரியாது.

முதல் செவ்வாய் வகுப்பில் கை நடுங்கியது. அடுத்த செவ்வாய் பிரேயரில் மயங்கி விழுந்தேன். இந்தச் செவ்வாய் கரும்பலகை எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்றாக மிதந்தன. சாப்பாட்டு மணிக்கு முன்பே பள்ளி ஆயா என்னை ரிக்‌ஷாவில் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பாயில் கிடத்தும்போது அப்பாவின் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. "ஊசி போட்டாத்தான் விழறா. நாளைலேர்ந்து ஊசி கிடையாது. நாட்டு வைத்தியம் பாப்போம்."

அம்மா அடுத்த தெருவுக்கு ஓடினாள். அங்கே சில வாரங்களுக்கு முன் குடிவந்தவரைத்தான் நான் ஊசி அக்கா என்று அழைப்பேன். அயனம்பாக்கத்துக்காரர், நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் சர்க்கரை நோய்ப் பிள்ளைகளைக் கவனிக்கும் நர்ஸ். இரவு வேலை முடித்துத் தூங்கியவர், அவிழ்ந்த கூந்தலோடு வந்து சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். எனக்கு வியர்வை அடங்கி, கூரை தெளிவாகத் தெரிந்தது.

அப்பா மறுபடி ஆரம்பித்தார். "ஊசி போடாத அன்னிக்கு இவ விழுந்திருக்காளா, சொல்லும்மா."

"போடாத நாள்னு ஒண்ணு இருந்தாத்தானே அண்ணே தெரியும்? ஊசிய நிறுத்துனா விழ மாட்டா. ஒரேடியா படுத்துப்பா." பிறகு ஊசி அக்கா என் பக்கம் திரும்பினார். "காலீல இன்னா துன்ன கண்ணு?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள். பிறகு அவளே எல்லாவற்றையும் சொன்னாள், சொல்லும்போதே அழுதாள்.

ஊசி அக்கா திட்டவில்லை. "ஊசி உள்ள போனா அதுக்குச் சோறு வேணும்க்கா. சோறு இல்லன்னா புள்ளையத்தான் துன்னும். பெரியவங்க கதை வேற, இதுங்க கதை வேற. நானும் மாங்காட்டம்மனுக்கு வேண்டிக்கினு பட்டினி கெடக்குறவதான். ஆனா நான் ஊசி போட்டுக்கல."

"நேர்ச்சைய மாத்துனா அந்தோனியார் ஏத்துப்பாரா?"

"அத உங்க சாமியார்கிட்ட கேளுங்க. எனக்கு இட்லி வரைக்குந்தான் தெரியும். நேந்துகினது நீங்க, பட்டினியும் நீங்களே கெடங்களேன்."

அழுதுகொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டாள். அன்று மாலை நவநாளில் நான் வயிறு நிறைந்தவளாக மெழுகுத்திரி ஏற்றினேன். மீதிச் செவ்வாய்களின் பட்டினியை அம்மா எடுத்துக்கொண்டாள்.

இப்போது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் கணக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் ஆவடியில் மருந்துக்கு வரிசையில் நிற்கும்போது, சின்னப் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய்மாரின் முகத்தில் என் அம்மாவின் பழைய முகத்தைப் பார்க்கிறேன். டாக்டரிடம் கேட்க முடியாததை யாரிடம் கேட்பது? பருத்திப்பட்டிலிருந்து வேலப்பன்சாவடிவரை எத்தனையோ வீடுகளில் என்னைப் போன்ற பிள்ளைகள் இருந்திருப்பார்கள். ஊசி அக்கா குடிவந்தது எங்கள் அடுத்த தெருவுக்கு. அது தற்செயல். அப்படி ஒருவர் கிடைப்பதைத் தற்செயலுக்கு விட்டுவிடக் கூடாது என்று தோன்றும். அந்தச் செவ்வாய்க்குப் பின் எங்கள் வீட்டில் பயம் முழுதாகப் போகவில்லை. யாரைக் கேட்பது என்று மட்டும் தெரிந்துவிட்டது. அதுவே போதுமாக இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கு மறுநாள் காலை, வழக்கத்துக்கு மாறாக, அப்பா எல்லாருக்கும் முன்னால் எழுந்து முதல் வேலையாக இட்லிக் குண்டானை அடுப்பில் ஏற்றினார். வெந்த இட்லியைத் தட்டில் வைத்து என் முன்னால் தள்ளிவிட்டு, அதன் பிறகே எனக்குப் போட அம்மாவிடம் ஊசியைக் கேட்டு வாங்கினார்.