தனபாலன் எழுதி வைத்த அலைகள்

இதுவரை உறுதியானது இது: சென்ற பருவக்காற்றுக் காலத்தில், தென்சீனக் கடலில், மூன்று நாட்கள், தனபாலன் வேலை செய்த ஆய்வுக் கப்பலின் வலப்பக்கத்தில், அலைகளை அளக்கும் ஆண்டெனாவுக்கு நேர் கீழே, ஓர் இரும்புக் கொள்கலன் கட்டப்பட்டிருந்தது. இதற்கு ஆதாரம் கப்பலின் மேல்தளப் பதிவேடு. அதன் நகலைச் சென்ற புதன்கிழமை மாலை கப்பலின் முதன்மை அதிகாரி எனக்கு அனுப்பினார். குவாந்தான் துறைமுகத்தில் கொள்கலனை ஏற்றியதும், மூன்றாம் நாள் மாலை அதைப் பின்தளத்துக்கு நகர்த்தியதும் அவருடைய கையெழுத்துடன் அதில் இருக்கின்றன.

இந்த நகலைத் தனபாலன் மூன்று முறை கேட்டுக் கடிதம் எழுதினார். அது வந்தபோது அவர் இறந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

அவர் இறந்த அன்று காலையில் அவர் மனைவி சரோஜா கிள்ளானிலிருந்து அழைத்தார். "அண்ணே, அவரு எழுந்திரிக்கல." பத்திரிகை நிருபர் பழக்கதோஷத்தில் நான் கேட்டேன்: டாக்டர் வந்து பார்த்தாரா, யார் சொன்னது?  "அவரு கேக்குற மாதிரியே கேக்குறீங்க" என்றார் சரோஜா. டாக்டர் பார்த்திருந்தார். மாரடைப்பு. அதில் சந்தேகப்பட எதுவும் இல்லை. தனபாலனாக இருந்தால் இன்னொரு டாக்டரையும் கேட்டிருப்பார்.

அவரை அறிந்தவர்களுக்கு அவர் தொழில் தெரியும். அறியாதவர்களுக்காக: கடல் ஆய்வுக் கப்பல் ஒன்றில் கருவிகளைப் பொருத்தி, பழுது பார்க்கும் தொழில்நுட்பர். கடைசியாக அவர் பொறுப்பில் இருந்தது, எதையும் அனுப்பாமல் கேட்க மட்டும் செய்யும் ஒரு வகை ரேடார். நம் கைப்பேசிக்கு வழி காட்டும் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை அது இரண்டு வழியில் பிடிக்கும், நேராக ஒன்று, கடல்மேல் பட்டுத் தெறித்து ஒன்று. கடல் தட்டையாக இருந்தால் தெறித்து வருவது தெளிவாக இருக்கும். அலை எழும்ப எழும்ப அது கலைந்து வரும். எவ்வளவு கலைந்திருக்கிறது என்பதிலிருந்து அலையின் உயரத்தைக் கணக்கிடுவார்கள். இதை அவர் எனக்கு இரண்டே வரியில் விளக்கினார்: "ஒட்டுக் கேக்குற மெஷின் லா இது. ஒட்டுக் கேட்டவன் சொல்றத அப்படியே நம்பிடுவீங்களா?"

எங்கள் அறிமுகமே ஒரு சந்தேகத்தில்தான் தொடங்கியது. படகு ஒன்று கவிழ்ந்த செய்தியில் மூன்று மீட்டர் அலை என்று எழுதியிருந்தேன். மறுநாள் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒருவர் அழைத்து, பெயர்கூடச் சொல்லாமல், யார் அளந்தது என்று கேட்டார். அதிகாரி சொன்னார் என்றேன். அவர் படகில் இருந்தாரா, ஆபீசில் இருந்தாரா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் விசாரித்தேன். அதிகாரி அன்று அலுவலகத்தை விட்டு வெளியே போகவே இல்லை. திருத்தம் வெளியிட்டோம். அதைப் பாராட்டுவார் என்று எதிர்பார்த்து, அவர் அழைத்த எண்ணுக்கே அழைத்தேன். "திருத்தத்த யாரு சரிபாத்தா?" என்றார்.

பிறகு மாதம் ஒரு முறையாவது பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். கிள்ளானிலிருந்து கொமுட்டர் என்னும் புறநகர் ரயிலில் வருவார். பழைய டிக்கெட்டுகளையும் ரசீதுகளையும் சட்டைப்பையில் வைத்திருப்பார். நிலையத்து மின்பலகையைப் பார்ப்பதற்கு முன்பே, ரயில் எத்தனை நிமிடத்தில் வரும் என்று அவற்றின் பின்பக்கத்தில் எழுதுவார். பிறகுதான் தலையைத் தூக்குவார். ஒரு முறை அவர் நான்கு நிமிடம் என்று எழுதினார். பலகை பத்தொன்பது என்றது. பலகை சொன்னபடியேதான் ரயில் வந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் அந்தச் சீட்டில் "19" என்றும் எழுதி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். தப்பான சீட்டை எதற்கு வைத்துக்கொள்கிறீர்கள் என்றதற்கு அவர் சொன்னது: "சரியானத மட்டும் வெச்சிக்கிட்டா நானும் அந்தப் பலகையும் ஒண்ணுதான்."

கப்பலிலும் இதே வழக்கம். ஒரு நாளில் நான்கு முறை, கருவியின் திரையைப் பார்க்கும் முன், இரண்டு பேர் கைப்பிடிக் கம்பியோரம் தள்ளித் தள்ளி நின்று, ஒருவரோடொருவர் பேசாமல், அலையின் உயரத்தைச் சீட்டில் எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் போடவேண்டும். ஒருவர் தனபாலன். இன்னொருவர் கப்பலின் சமையல்காரர், நாகப்பட்டினத்து மீனவக் குடும்பத்தவர், வேலை பெர்மிட்டில் வந்தவர். திரையைப் பார்த்த பிறகு எழுதினால் அது அளவு ஆகாது, ஒத்து ஊதுவது ஆகிவிடும் என்பது தனபாலனின் கட்சி. ஆய்வுக் குழுவில் சிலர் இதைக் கேலி செய்தார்கள். டின்னில் இன்று என்ன பிஸ்கட் என்று கேட்பார்களாம்.

குவாந்தான் வரை சீட்டும் கருவியும் ஏறக்குறைய ஒத்துப்போயின. அதன்பின் மூன்று நாட்கள் கருவி அரை மீட்டர் என்றது. சீட்டுகள் ஒன்றரை, இரண்டு என்றன. தனபாலன் முதலில் தன் கண்ணைச் சந்தேகித்தார், பிறகு கேபிளை, பிறகு ஆண்டெனாவை. மூன்றாம் நாள்தான் குனிந்து கீழே பார்த்திருக்கிறார். வேறொரு குழுவின் மாதிரிகளை வைக்கும் கொள்கலன் அங்கே இருந்தது. அதன் தட்டையான இரும்புக் கூரையில் பட்டுத் தெறித்ததை வாங்கிக்கொண்டு, கடல் அமைதியாக இருக்கிறது என்று கருவி சொல்கிறது என்பது அவர் முடிவு. கொள்கலனை நகர்த்தச் சொன்னார், நகர்த்தினார்கள். அன்று மாலையே சீட்டும் கருவியும் மறுபடி ஒத்துப்போயின. அந்த மூன்று நாள் அளவுகளை நீக்கும்படி, இருவரின் சீட்டுகளையும் நகலெடுத்து இணைத்து, ஆய்வுத் தலைவருக்கு எழுதினார்.

பதில் வரவில்லை. ஐந்து மாதம் கழித்து அறிக்கையின் வரைவு வந்தது. சிறு படகுகளுக்கு எச்சரிக்கை விடும் முறைக்கு அடிப்படையாகப்போகிற அறிக்கை அது. மூன்று நாள் அளவுகளும் அப்படியே இருந்தன. கீழே ஒரு குறிப்பு: வேறுபாட்டுக்குக் காரணம், கண்புரை அறுவை செய்துகொண்ட ஒரே ஒரு பணியாளரின் கண்மதிப்பீடு. பெயர் இல்லை. கப்பலில் கண்புரை அறுவை செய்துகொண்டவர் ஒருவர்தான், தனபாலன்.

அந்த வாரம் பிரிக்பீல்ட்ஸ் கடையில் அவர் சாப்பிடவில்லை. வரைவை மடித்துத் தண்ணீர்க் குவளைக்கு அடியில் வைத்தார். "கண்ணு போச்சுனு எழுதட்டும், பரவால்ல. 'ஒரே ஒருத்தர்'னு எப்படி எழுதுனாங்க? ரெண்டு பேரு எழுதினோம். சமையல்காரரு சீட்டையும் நகல் எடுத்து அனுப்பினேன், அது என்ன ஆச்சு?" என்றார். அவர் சந்தேகம் எதன்மேல் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. தவறு நடந்திருக்கலாம். ஆனால் இரண்டு பேரை ஒருவராக எண்ணுவது கைதவறி நடப்பதில்லை. நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

பதினாறாம் நாள் காரியத்தன்று சரோஜா அந்த டின்னை என்னிடம் கொடுத்தார். இரண்டு கையெழுத்துகளில் சீட்டுகள் இருந்தன. இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். நான் தனபாலனையே சந்தேகித்தேன். டின் மாதக்கணக்கில் அவர் வீட்டில் இருந்திருக்கிறது. மனம் புண்பட்ட மனிதர். இரண்டாவது சீட்டுகளை அவரே எழுதிச் சேர்த்திருந்தால்?

சமையல்காரர் காரியத்துக்கு வந்திருந்தார். சீட்டுகளைக் காட்டாமல், அந்த மூன்று நாட்களில் ஏதாவது நினைவிருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். அவர் என்னைச் சந்தேகத்துடன் பார்த்தார். பெயர் பத்திரிகையில் வந்தால் பெர்மிட்டுக்கு ஏதும் ஆகாதே என்றார். பெயர் போடமாட்டேன் என்றேன்.

"சமையல்காரர்னே போடுங்கண்ணே. கப்பல்ல சமையலுக்கு ரெண்டு பேரு இருக்கோம், தேடட்டும்." பிறகு யோசித்துச் சொன்னார்: "ரெண்டாம் நாளு மத்தியானம் சாம்பார் முழுக்கக் கொட்டிப்போச்சு. முப்பது பேருக்கு வெச்ச சட்டி. அரை மீட்டர் அலைக்கு அது கவுருமா? அந்த ஆபீசருங்கள வந்து சட்டியத் தூக்கிப் பாக்கச் சொல்லுங்க."

அவர் மீட்டரில் எழுதுவதில்லை. இடுப்பளவு, ஆள் உயரம் என்றுதான் எழுதுவார். இரண்டாம் நாள் நண்பகல் சீட்டில் இருந்தது: "ஆளுக்கு மேல ஒரு சாண். சாம்பார் போச்சு." அதே நேரத்துக்குத் தனபாலன் எழுதியது இரண்டு மீட்டர். சமையல்காரரிடம் ஒரு வெற்றுத்தாளில் எழுதித் தரச் சொன்னேன். கையெழுத்து ஒத்தது. இறந்தவரைச் சந்தேகித்ததற்காக நான் வருந்தவில்லை. சந்தேகிக்காமல் எழுதியிருந்தால் அவர் மன்னித்திருக்க மாட்டார்.

ஆய்வுத் தலைவரிடம் பேசினேன். சமையல்காரரின் சீட்டு நகல்கள் தன்னிடம் வந்து சேரவில்லை என்றார். யாரிடம் நின்றன என்று கேட்டேன். தனபாலன் எல்லாவற்றையும் சந்தேகிப்பவர், ஒவ்வொரு சந்தேகத்துக்கும் கணக்கைத் திரும்பப் போடமுடியாது என்றார். கொள்கலனின் கூரை அவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தருமா என்பது தெரியாது என்றும் சொன்னார். இது நியாயமான பேச்சு. பதிவேட்டின் நகல் வந்தபின் அவருக்கு அதை அனுப்பினேன். மறுநாள் இரண்டு வரியில் பதில் வந்தது: ஆண்டெனா பிடித்த மூலப் பதிவுகள் அழிக்கப்படவில்லை, கொள்கலனின் பிரதிபலிப்பைக் கழித்து மறுபடி கணக்கிடுவார்கள், அதுவரை அறிக்கை இறுதியாகாது.

தனபாலனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, விடையைப் பார்க்கும் முன் எழுதிவிடும் பழக்கம். நேற்று கிள்ளானுக்குப் போய் டின்னைச் சரோஜாவிடம் திருப்பிக் கொடுத்தேன். மறு கணக்கு என்ன சொல்லும் என்று நான் நினைப்பதை ஒரு சீட்டில் எழுதிப் போட்டேன். சரோஜாவும் சமையலறைப் பக்கம் திரும்பி நின்று ஒன்று எழுதினார். நான் எட்டிப் பார்க்கவில்லை. "பாத்துட்டு எழுதுனா அது அளவு இல்ல" என்றார் அவர்.

மறு கணக்கு அடுத்த மாதக் கடைசியில் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்று டின்னைத் திறப்போம். தப்பான சீட்டு இருந்தால் அதையும் எறியமாட்டோம்.