குறையையும் கேட்டுப் பாடிய அஞ்சலை அக்கா

செய்தி வந்தபோது நான் ஈப்போவில் புந்தோங் பசாரில் கெம்போங் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேத்தி போனில் அழைத்து, "பாட்டி, அஞ்சலைப் பாட்டி காலையில போயிட்டாங்களாம். வாட்சாப்ல எல்லாரும் போட்டிருக்காங்க" என்றாள். மீனைக் கீழே வைத்துவிட்டு, என்ன போட்டிருக்கிறார்கள் என்று படிக்கச் சொன்னேன். "பேராக்கின் குயில் பறந்தது" என்று படித்தாள். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

அக்காவோடு பழகியவர்களுக்கு அந்தக் கோபம் புரியும். ஈப்போ மண்டபங்களில் எத்தனையோ கல்யாணங்களுக்கு நலங்கு பாடியவர், திருவிழா மேடைகளில் பாடியவர், வானொலியில் பாடியவர். எந்த மேடையிலாவது யாராவது குயில் என்று சொல்லிவிட்டால் இறங்கி வந்து என் காதோரம் திட்டுவார். "குயிலு காக்கா கூட்டுல முட்டைய வச்சிட்டு ஓடிப்போற கழுதை. நான் பெத்ததை என் லயத்து வீட்டுல வச்சு நான்தான் வளர்த்தேன். என்னையா குயிலுங்கிறானுங்க?"

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இதில் எழுத்துப் பிழை இருந்தால் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம். இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் அக்காவுக்குக் குறையே இல்லை என்று பேசிவிட்டுப் போனார்கள். அப்படிப் பேசினால் அது அஞ்சலை அக்கா இல்லை, வேறு யாரோ. அவர் எப்படி இருந்தாரோ அப்படியே நாலு பேர் நினைவில் நிற்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பத்து காஜா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் பக்கத்துப் பக்கத்து லயத்து வீட்டுக்காரிகள். மேடையும் வானொலியும் பின்னால் வந்தவை. அவர் முதலில் பாடியது சாவு வீட்டில். ஒப்பாரிக்கு அவரை அழைத்தால் நேராகப் பிணத்தருகே போய் உட்கார மாட்டார். அடுப்படிக்குப் போவார். அங்கே தேத்தண்ணி கலக்கும் பொம்பளைகளிடம் விசாரிப்பார். செத்தவர் என்ன விரும்பிச் சாப்பிடுவார், யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, யாருக்கு என்ன கெடுதல் செய்தார். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் வந்து உட்காருவார். ஏன் அக்கா இதெல்லாம் என்றால், "மாலை போட ஊரே நிக்குது. உள்ளதைச் சொல்ல ஒருத்தி வேணும்லா" என்பார்.

எங்கள் பெரிய கங்காணி இறந்தபோது நடந்ததை அந்தத் தோட்டத்தில் இருந்த யாரும் மறந்திருக்க முடியாது. கூட்டம் நிறைய. கண்ணீர்தான் இல்லை. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குக் கொஞ்சம் பிந்தி வந்தாலும் அரைப் பேர் போட்டுப் பாதிச் சம்பளத்தை வெட்டிய மனிதர் அவர். யார் அழுவார்கள்? பொம்பளைகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா முதலில் அவருடைய தலைப்பாகையைப் பாடினார், சைக்கிளைப் பாடினார், மாரியம்மன் கோயிலுக்கு முதல் கல் எடுத்துவைத்ததைப் பாடினார். அப்புறம் குரலைக் கொஞ்சமும் மாற்றாமல் பாடினார்:

"முந்திப் பெரட்டுக்கு வந்தா முழுப்பேரு போட்டவரே,
புள்ளைக்குப் பால்கொடுத்து வந்தா அரைப்பேரு போட்டவரே..."

அங்கே நிறுத்திவிட்டார். கங்காணியின் மகன்கள் எழுந்து நின்றார்கள். அடி விழப்போகிறது என்று நான் நினைத்தேன். அக்கா அவர்களைப் பார்க்கவே இல்லை. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கங்காணி பெண்சாதியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் அதுவரை கல் மாதிரி இருந்தவர். தலையை நிமிர்த்தி, அதே ராகத்தில் எடுத்தார்:

"என் புள்ள கொதிச்சுக் கெடந்தப்பவும் ஏட்டை எடுத்துப் போனவரே..."

அந்த வீட்டில் ஒரு பிள்ளை காய்ச்சலில் போனது எங்களுக்கெல்லாம் தெரியும். அன்றைக்கு அவர் வேலைக்குப் போனார் என்பது அப்போதுதான் தெரிந்தது. பிறகு அழாதவர் யாரும் இல்லை. அரைப் பேர் வாங்கியவர்களே மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். மகன்களும் உட்கார்ந்துவிட்டார்கள்.

இதுதான் அக்காவின் வழக்கம். வரியை எடுப்பார், பாதியில் நிறுத்துவார், யாருடைய துக்கமோ அவள் வாங்கிக்கொள்ள வழி விடுவார். "நானே முடிச்சிட்டா அது என் பாட்டாப் போயிரும்" என்பார்.

ஒரு முறை ஒலிப்பதிவுக்காக ஓர் இளைஞர் வந்து, ஒப்பாரி ஒன்று மாதிரிக்குப் பாடுங்கள் என்று கேட்டார். அக்கா வெற்றிலையை ஓரங்கட்டிக்கொண்டு கேட்டார்:

"யாரு செத்தது?"

"யாரும் இல்லம்மா. சும்மா பதிவுக்குத்தான்."

"செத்தவங்க இல்லாம நான் எப்படித் தம்பி பாடுறது? நீ கொஞ்ச நேரம் படுத்துக்கிறியா?"

அந்தத் தம்பி நலங்குப் பாட்டை மட்டும் பதிவு செய்துகொண்டு போனார். இன்றைக்கு வாட்சாப்பில் சுற்றுவது அந்தப் பாட்டுதான்.

இப்போது என் விஷயம். என் வீட்டுக்காரர் லோரி ஓட்டினார். கமுந்திங்குக்குச் சரக்கு ஏற்றிப் போவார். அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது. எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், அவர் தங்கைகளுக்கு எனக்கு முன்னாலேயே தெரியும். அவர் இறந்தபோது என் நாத்தனார்கள் என்னைச் சுற்றி வேலி போட்ட மாதிரி உட்கார்ந்துகொண்டார்கள். அக்கா வந்தார், அடுப்படிக்குப் போனார், வந்து உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் அடிக்கும் சீழ்க்கையைப் பாடினார். வரும்போதெல்லாம் பிள்ளைகளுக்குத் தின்ன பாவ் வாங்கி வந்ததைப் பாடினார். பிறகு,

"கமுந்திங் ரோட்டுல லோரி ஓட்டிப் போனவரே..."

என்று எடுத்து நிறுத்தினார். பெரிய நாத்தனார் என் தொடையை அழுத்திப் பிடித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா காத்திருந்து பார்த்துவிட்டு, "களைச்சு வீடு வந்து கண்ணசந்து போனவரே" என்று முடித்துவிட்டார்.

கங்காணியை அப்படிப் பாடியவர் என் புருஷனை வெள்ளைச் சட்டை போட்டு அனுப்பிவைத்துவிட்டார் என்று எனக்குப் பொறுக்கவில்லை. அக்காவோடு பேச்சை விட்டேன். அவர் நலங்கு பாடிய கல்யாணங்களில் பந்திக்கு மட்டும் போய்விட்டு வந்தேன். தோட்டத்தை முதலாளி விற்று, அங்கே வீடமைப்புத் திட்டம் வந்து, இருவரும் ஈப்போவுக்கு வந்த பிறகும் அப்படியேதான் இருந்தேன்.

இருவருக்கும் பழைய கார்டு இருந்த பத்து காஜா ஆஸ்பத்திரியில், மருந்து வரிசையில் ஒரு நாள் அவராகவே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னடி, மருந்துக்குக்கூடப் பேச மாட்டியா?"

"உங்ககிட்ட எனக்கு என்ன பேச்சு? கங்காணிக்கு ஒரு பாட்டு, என் வீட்டுக்காரனுக்கு ஒரு பாட்டு."

"கங்காணி செஞ்சது ஊருக்குச் செஞ்சது. ஊருக்காக நான் பாடினேன். உன் புருஷன் செஞ்சது உனக்குச் செஞ்சது. அதை நான் எப்படிப் பாடுறது? வழி விட்டேன்லா. நீதான் வாங்கல."

"நாத்தனாருங்க சுத்தி உக்காந்திருந்தாளுங்க, தெரியாதா?"

"சுத்தித்தானே உக்காந்திருந்தாளுங்க? உன் வாய் மேலயா உக்காந்திருந்தாளுங்க?"

அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எண் கூப்பிடும் பலகையைப் பார்த்தபடியே, மெதுவாக அதே வரியை எடுத்தார். கமுந்திங் ரோட்டுல லோரி ஓட்டிப் போனவரே. நிறுத்தினார். இந்த முறை நான் வாங்கினேன்:

"கதவு ரெண்டு வச்சிருந்தீர், காவலுக்கு என்னை வச்சீர்..."

அடக்கி வைத்திருந்தது என்பதால் குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. மலாய் நர்ஸ் ஒருத்தி ஓடிவந்து, "மக்சிக், சாகிட் கா?" என்று என் தோளைத் தொட்டாள். வலிக்கிறதா என்று கேட்கிறாள். அக்காதான் பதில் சொன்னார்: "சாகிட் லாமா லா, மிஸி." பழைய வலி. அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்கு இருவரும் ஒரே டாக்சியில் வீட்டுக்குப் போனோம். கோபம் தீர்ந்துவிட்டதா என்றால் தீரவில்லை. அக்கா மேல் இருந்ததை நாத்தனார்கள் மேல் மாற்றிக்கொண்டேன்.

அக்காவிடமும் குறை இருந்தது. இன்னொருத்தி நன்றாகப் பாடினால் பல் குத்திக்கொண்டிருப்பார். மருமகள் சாந்தியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. ஊரில் எல்லார் வீட்டு அடுப்படியிலும் போய் விசாரித்தவர், தன் வீட்டு அடுப்படியில் நின்றவளை விசாரிக்கவில்லை.

இறுதிச் சடங்கன்று போனேன். பந்தல் நிறைய மனிதர்கள். ஒலிபெருக்கியில் அக்காவின் நலங்குப் பாட்டே ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் மாற்றி ஒருவர் குயில் என்று பேசினார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாட யாரும் இல்லை. சாவு வீடுகளுக்கெல்லாம் பாடிய மனுஷி வெறும் ஒலிபெருக்கியோடு போகப்போகிறாரே என்று எனக்கு வயிறு எரிந்தது. நேராக அடுப்படிக்குப் போனேன். சாந்தி பிளாஸ்டிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு என்னடி கொறை அவங்க மேல?"

"இன்னைக்கு எதுக்கு சின்னம்மா அதெல்லாம்?"

"இன்னைக்குத்தான்."

கோப்பையை ஒன்றுக்குள் ஒன்று செருகியபடியே, "கல்யாணம் ஆன நாளா நான்தான் சமைக்கிறேன். நல்லா இருக்குன்னு ஒரு நாளும் சொன்னதில்ல" என்றாள்.

வந்து மகன் வடிவேலிடம் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னேன். "வண்டி வந்திருச்சு சின்னம்மா, நேரம் ஆகுது" என்றான். "உங்கம்மாவுக்கு ஒரு பாட்டுக்குக்கூட நேரம் இல்லையா?" என்றேன். நிறுத்தினான். எனக்குக் குரல் கிடையாது. இருந்தாலும் உட்கார்ந்து பாடினேன். வெற்றிலையைப் பாடினேன், மேடையைப் பாடினேன். அப்புறம்,

"மருமக போட்ட சோத்தை மறுபேச்சு இல்லாமத் தின்னவளே..."

என்று நிறுத்தினேன். பேச வந்த பெரிய மனிதர்கள் முகத்தைச் சுளித்தார்கள். வடிவேல் தரையைப் பார்த்தான். நான் சாந்தியின் வாயைப் பார்த்தேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அடுப்படி வாசலிலேயே நின்றாள். நான் முடிக்கவில்லை, காத்திருந்தேன். அவள் மெல்ல வந்து காலடியில் உட்கார்ந்தாள்.

"மறுசோறு கேட்டியே, அது போதும்னு இருந்தேனே..."

வடிவேலுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. பிறகு மற்றப் பொம்பளைகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். வண்டி காத்துக்கொண்டு நின்றது.

அக்காவின் குரல் வாட்சாப்பில் இருக்கிறது, வேண்டியவர்கள் கேட்டுக்கொள்ளலாம். நான் வைத்துக்கொண்டது வேறு. முதலில் அடுப்படிக்குப் போவது. வரியைப் பாதியில் நிறுத்திவிட்டு, எதிரே இருப்பவள் வாயைத் திறக்கும்வரை பொறுத்திருப்பது. என் நாத்தனார்கள் சித்தியவானில் சுகமாக இருக்கிறார்கள். பத்திரிகை வாங்குகிறவர்கள்தான், இதையும் படிப்பார்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு நாள் சாவு வரும். கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் நான் போவேன்.