நரி பிடித்த தடம்

கணக்கம்மாவுக்கு ஒரு தடவை பார்த்தால் பார்த்த மாதிரியே இருக்காது. கேஸை மூடிவிட்டு மறுபடி தொட்டுப் பார்ப்பார். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போனவர், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பார். வெளியூரில் நர்ஸ் வேலைக்குப் போயிருக்கும் மகளுக்கு விடிந்தால் ஒரு ஃபோன், சாப்பிட்டால் ஒரு ஃபோன், இருட்டினால் ஒரு ஃபோன். "இருக்கேம்மா, உயிரோடதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டேதான் அந்தப் பெண் ஃபோனை எடுப்பாள்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். நிலக்கரி தோண்டி முடித்த சுரங்கக் குழியை மண்போட்டு நிரப்பிப் புல் விதைத்திருந்தார்கள். அங்கே என்னென்ன உயிர்கள் திரும்பி வருகின்றன என்று சுற்றிப் பார்த்து எழுத வேண்டும். முயல் புழுக்கை, பாம்புச் சட்டை, எதுவும் அவர் கணக்குக்குத் தப்பாது. அதனால்தான் அந்தப் பெயர்.

வடக்கு ஓரத்தில் ஒரு சரளை மேடு. புல்கூட முளைக்காத அந்த மொட்டை மேட்டைக் கண்டாலே சுரங்க மேலாளருக்கு ஆகாது. மண்ணைக் கொட்டி மரம் நட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தார். ஆனால் ஆள்காட்டிக் குருவிக்கு அந்த மொட்டைத் தரைதான் வேண்டும். கல்லோடு கல்லாக முட்டையிட்டு அதன்மேல் உட்கார்ந்துவிடும்.

"இந்த சீசன்ல ஒரு குஞ்சாவது பொரிக்கட்டும், மேட்டை விட்டுடறேன். இல்லன்னா மண் லாரி வந்துடும்மா" என்று சொல்லிவிட்டார் மேலாளர்.

அன்றோடு கணக்கம்மாவின் தூக்கம் போயிற்று. மேட்டில் நான்கு கூடுகள். காலையில் ஓடுவார், மாலையில் ஓடுவார். முட்டைகள் இருக்கும். அப்பாடா என்று வீட்டுக்கு வந்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி சந்தேகம் வந்துவிடும். ஒரு நாள் ஒரு கூடு காலியாகக் கிடந்தது. சில நாளில் இன்னொன்று. பயந்துபோய் முன்னைவிட அடிக்கடி போனார், மூன்றாவது கூட்டருகே ஒரு கேமராவையும் கட்டிவைத்தார். அதுவும் காலியானது.

ஆபீஸ் கொட்டகையில் உட்கார்ந்து படங்களைத் தள்ளினார். முதலில் வந்தது அவரேதான்: தொப்பி, குனிந்த முதுகு. அடுத்து நரி. மூக்கைத் தரையில் வைத்தபடி அவர் நடந்த வழியிலேயே வந்தது. அவர் பாறையைச் சுற்றிப் போயிருந்தார், அதுவும் சுற்றியது. அவர் குனிந்த இடத்தில் வந்து நின்றது.

கணக்கம்மா அந்தப் படங்களை மறுபடி முதலிலிருந்து தள்ளிப் பார்த்தார். பாவம், காவல் காப்பதாக நினைத்துக்கொண்டு தினமும் நரிக்கு வழி காட்டியிருக்கிறார்! செடிகளுக்கு ஊற்றத் தண்ணீர் லாரி ஓட்டும் அவர் வீட்டுக்காரர் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். கேலி பேச வாயெடுத்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"இனிமே அந்தப் பக்கமே போகாத."

"போகாம எப்படிங்க? பார்க்கலன்னா எனக்கு உயிரே போயிடும்."

"உன் உயிரெல்லாம் போகாது. நீ போனா முட்டைதான் போகும்."

மிச்சம் ஒரே கூடு. இப்போதெல்லாம் சாலையில் நிற்கும் தண்ணீர் லாரிக்குள் உட்கார்ந்து பைனாகுலரில் பார்ப்பதோடு சரி. முட்டை தெரியாது, பறவையின் தலை மட்டும் தெரியும். அது கொஞ்சம் அசைந்தாலும் இவர் லாரிக் கதவில் கை வைப்பார். மகளுக்கு ஃபோன் செய்யக்கூடத் தோன்றவில்லை.

அன்று மத்தியானம் அந்தத் தலையையும் காணோம்.

"ஒரே ஒரு தடவை பார்த்துட்டு ஓடி வந்துடறேங்க" என்று இறங்கிவிட்டார். வீட்டுக்காரர் தடுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் தடுத்துக் கணக்கம்மா என்றைக்காவது நின்றிருந்தால்தானே! சரளையில் ஒரு காலை வைத்திருப்பார், ஃபோன் அடித்தது.

"ஏம்மா, ரெண்டு நாளா ஃபோனையே காணோம்? பயந்தே போயிட்டேன். உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"இருக்கேன்டி, உயிரோடதான் இருக்கேன்."

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. வைத்த காலை எடுத்துக்கொண்டு, லாரியில் சாய்ந்து நின்று மறுபடி பைனாகுலரைத் தூக்கினார். கூட்டுக்கு அப்பால் பறவை நடந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் பொடிப்பொடியாக ஏதோ ஓடின.

வீட்டுக்காரர் பைனாகுலரைப் பிடுங்கிப் பார்த்தார். "மூணா, நாலா? கணக்கம்மா, கிட்டப் போய் எண்ணிட்டு வாயேன்" என்று சீண்டினார்.

மண் லாரி வராமலிருக்க ஒரு குஞ்சு போதும். ஆனாலும் எத்தனை என்று தெரியாமல் அவருக்குக் கால் பரபரத்தது. கதவைத் திறந்து லாரியில் ஏறி உட்கார்ந்தார்.

"கிளப்புங்க வண்டியை" என்றார்.