ஐம்பத்தெட்டைக் கழித்தால் மிச்சம் சைக்கிள்

என் சைக்கிள் இரும்பு. முன்பக்கம் மட்டும் குலுங்கிக் கொடுக்கும் சஸ்பென்ஷன், பின்பக்கம் முரட்டுத்தனமாக அப்படியே நிற்கும். கடைக்காரர்கள் இதை ஹார்ட்டெயில் என்பார்கள். மலேசியாவில், குளுவாங்கில் எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னால் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டம் தொடங்கிவிடும். வேலை முடிந்து அந்தச் செம்மண் பாதையில் முக்கால் மணி நேரம் மிதித்துவிட்டு வந்தால்தான் நானும் ஒரு மனுஷி என்ற எண்ணமே எனக்கு வரும். இல்லாவிட்டால் வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுவேன். எல்லோரும் என்றால் என் வீட்டுக்காரர் ஒருவர்தான்.

போன வருடம் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். தையல் ஒருமுறை விட்டுப்போய் மறுபடியும் போட்டார்கள். நடந்து, பிறகு மெல்ல மிதித்துப் பார்க்கும் நாள் வந்தபோது, ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் ஒரு கணக்கைச் சொல்லி அனுப்பினாள்.

"மிதிக்கலாம்க்கா, பிரச்சினை இல்ல. ஆனா தூக்குறது பன்னெண்டு, மிஞ்சிப் போனா பதிமூணு கிலோ. அதுக்கு மேல இந்த வருஷம் வேண்டாம்."

இதில்தான் சிக்கல். எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, ஐம்பத்து நான்கு படிகள். சைக்கிளைக் கீழே பூட்டி வைக்கலாமே என்று கேட்பவர்கள் எங்கள் பிளாக்கில் குடியிருந்ததில்லை. என் முதல் சைக்கிள் சங்கிலியோடு போனது. சக்கரத்தைக் கழற்றி இரண்டு தடவையாக ஏற்றலாம் என்றால், முதல் பாதியை மேலே வைத்துவிட்டு இறங்குவதற்குள் இரண்டாவது பாதி நடந்து போயிருக்கும். இங்கே வாசலில் விட்ட செருப்புக்கே உத்தரவாதம் இல்லை.

அதுவரை வீட்டுக்காரர்தான் தூக்கினார். காலையில் இறக்கி, மாலையில் ஏற்றி, ஒவ்வொரு மாடியிலும் ஒரு பெருமூச்சு விடுவார். தோட்டத்தில் செம்பனைப் பழக்குலை ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஜே.பி.யில், அதாவது ஜொகூர் பாருவில், அறை எடுத்துத் தங்க வேண்டும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வீடு. கிளம்ப மூன்று மாதம் இருந்தது.

"நான் போறதுக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணிடணும். பக்கத்து பிளாக் அண்ணன் கேட்டுட்டு இருக்காரு, குடுத்துடலாம்," என்றார்.

"பதிமூணு கிலோவுக்குக் கீழ கொண்டு வந்துட்டா?"

"கொண்டு வந்துட்டா நீயே வச்சுக்க. கொண்டு வரலன்னா பேசக் கூடாது."

சரி என்று சொல்லிவிட்டேன். வாய் எனக்குக் கொஞ்சம் நீளம்தான்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடைவரிசையில் ஒரு கிளினிக்கில் எனக்கு வேலை. வருகிறவர்களை எடை பார்ப்பது, அட்டையில் எழுதுவது, மருந்து எடுத்துக் கொடுப்பது. மதிய இடைவேளையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சைக்கிளை இரண்டு கையாலும் கொஞ்சம்போல எழுப்பிப் பிடித்துக்கொண்டு எடை மெஷின்மேல் ஏறி நின்றேன். இது விதியை மீறியது என்று தெரியும். ஒரு விநாடிதான் என்று எனக்கு நானே சலுகை கொடுத்துக்கொண்டேன். எழுபத்தைந்து புள்ளி ஆறு. ஆஸ்பத்திரி அட்டையில் என் எடை ஐம்பத்தெட்டு. கழித்தால் சைக்கிள் பதினேழு கிலோ அறுநூறு. அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா எட்டிப் பார்த்தார்.

"அதுக்கும் ஒரு கார்டு போட்டுடுங்க. பேரு, வயசு, என்ன கம்ப்ளைண்ட்டுன்னு."

"வெயிட்டு அதிகம் டாக்டர்," என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

நான்கு கிலோ அறுநூறு குறைக்க வேண்டும். புது ஃபிரேம், கார்பன் அது இது என்று வாங்க நான் யார் வீட்டுப் பிள்ளை? சீனர் ஒருவரின் சைக்கிள் கடைக்குப் போனேன். அவர் சைக்கிளை ஒரு விரலால் தட்டினார். "பெசி லா, அக்கா," என்றார். இரும்பாச்சே, அப்படித்தான் இருக்கும் என்ற தோரணை. பிறகு மலாயில் ஒரு நல்ல வார்த்தையும் சொன்னார். முதலில் எதையும் வாங்காதே, வேண்டாததைக் கழற்று, கழற்றுவதற்குக் காசு இல்லை.

கழற்றினேன். ஸ்டாண்டு, பின் கேரியர், இரும்பு மட்கார்டு, ஊரையே எழுப்பும் ஒரு பெரிய மணி. எல்லாவற்றையும் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டேன். மறுநாள் மெஷினில் ஏறினால் பதினாறு புள்ளி ஆறு. ஒரே நாளில் ஒரு கிலோ. எனக்கு இருந்த சந்தோஷத்துக்குக் கடைக்குப் பக்கத்து வண்டியில் உருளைக்கிழங்குக் கறி வைத்துப் பொரித்த கறிபாப் இரண்டு வாங்கித் தின்றேன்.

அடுத்து சீட்டு. என்னுடையது சோபா மாதிரி அகலமானது. கடைக்காரரின் பழைய சாமான் பெட்டியைக் குடைந்து ஒல்லியான ஒன்றையும், இரும்புக்குப் பதில் அலுமினியத்தில் ஒரு சீட்டுக் குழாயையும் எடுத்தேன். குழாயில் உள்ளே வீணாகப் போகும் நீளத்தை அவரே அறுத்துக் கொடுத்தார். பழைய சீட்டையும் குழாயையும் கையில் வைத்துப் பார்த்தால் அரைக் கிலோவுக்கு மேல் குறைந்திருக்க வேண்டும். ஒரு வாரம் மிதித்துப் பழகிவிட்டு மெஷினில் ஏறினேன். பதினாறரை. நூறு கிராம்தான் இறங்கியிருந்தது.

மெஷின் கெட்டுவிட்டதோ என்று பத்துக் கிலோ அரிசி மூட்டையை வைத்துப் பார்த்தேன். மெஷின் பத்து என்று சத்தியம் செய்தது. அந்த எரிச்சலுக்கும் ஒரு கறிபாப்.

மூன்றாவதாக முன்பக்கப் பற்சக்கரங்கள். மூன்றில் இரண்டைக் கழற்றினோம், அவற்றுக்கான கியர், கம்பி எல்லாம் போயிற்று. குளுவாங்கில் மேடு இருந்தாலும் இமயமலை இல்லை, ஒன்று போதும் என்றார் கடைக்காரர். இரண்டு வாரம் கழித்து ஏறினால் பதினாறு புள்ளி ஆறு. கூடியிருக்கிறது! கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகும் என்பார்கள், என் கழுதை தேயவே மாட்டேன் என்றது. அன்றைக்குக் கறிபாப் வண்டிக்காரர் நான் கேட்காமலேயே மூன்று எடுத்து வைத்தார்.

மிச்சம் இருந்தது டயர். செம்பனை மட்டை முள் எப்படிப்பட்ட டயரையும் துளைக்கும். அதற்குத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் ஒரு வேலை செய்வார்கள். பழைய மோட்டார் சைக்கிள் டியூப்பை நீளமாக அறுத்து, டயருக்கும் டியூப்புக்கும் நடுவில் விரித்து வைப்பார்கள். என் இரண்டு சக்கரத்திலும் அது இருந்தது. வைத்தவர் என் வீட்டுக்காரர்.

"நாலு வருஷமா பஞ்சர் இல்ல. யாரால?" என்றார்.

"உங்களாலதான். இப்ப எடுக்கணும்."

"முள்ளு குத்துனா?"

"ஒட்டத் தெரியும் எனக்கு."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவரே கழற்றிக் கொடுத்தார். கறுப்பாக, மண்ணோடு, பாம்புத் தோல்போல இரண்டு நீளத் துண்டுகள். வாளி நிரம்பிவிட்டது. அன்று மாலை சைக்கிளை மேலே ஏற்றிவிட்டு வந்தவர், "முன்ன மாதிரி இல்ல. லேசாத்தான் இருக்கு," என்றார். விற்றுவிடப் போகிற சைக்கிளுக்கு ஆறுதல் பேச்சு பேசுகிறார் என்று நினைத்தேன். மெஷின் பதினாறு புள்ளி நான்கு என்றது. கழற்றுவதற்கு இனி என்னிடம் ஒன்றும் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று கிளினிக் கழிவறையில் நின்று அழுதேன். ஒரு சைக்கிளுக்காகவா என்றால், ஆமாம், சைக்கிளுக்காகத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எனக்கென்று திரும்பிக் கிடைத்தது அது ஒன்றுதான்.

பக்கத்து பிளாக் அண்ணன் சனிக்கிழமை மத்தியானம் வருவதாகச் சொல்லிவிட்டார். ஞாயிறு மாலை வீட்டுக்காரர் ஜே.பி.க்குப் பஸ் ஏற வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை காலை ஒரு தாய் தன் இரண்டு வயதுப் பெண்ணைக் கொண்டுவந்தார். காய்ச்சல். மருந்தின் அளவு எடையைப் பார்த்துத்தான். குழந்தை மெஷினைக் கண்டதும் வீல் என்று கத்தியது. இதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுவார், எழுதிக்கொள்வோம். பிறகு குழந்தையை இறக்கிவிட்டுத் தாய் மட்டும் ஏறுவார். கழித்தால் குழந்தை. ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை நான் செய்வதுதான்.

இருவரும் ஏறினார்கள், எழுதினேன். "இப்ப நீங்க மட்டும் ஏறுங்க," என்றேன்.

"வேணாம் அக்கா, எனக்குத் தெரியும். நான் அம்பத்தஞ்சு."

"எப்ப பாத்தது?"

"இவ வயித்துல இருந்தப்போ... அதுக்கு முன்னாடி."

எனக்குக் கோபம் வந்தது. இந்த ஒரு விஷயத்தில் நான் கறார். "அது அப்போ உள்ள வெயிட்டும்மா. இப்ப உள்ளது வேணும். இல்லன்னா உங்க சதையெல்லாம் புள்ள கணக்குல சேந்துடும்."

சொன்ன வாய் மூடவில்லை. அந்த அம்மா மெஷினில் ஏறி நின்று, "எவ்வளவு அக்கா? அக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஊருக்குத்தான் உபதேசம். ஆபரேஷனுக்கு முந்தின நாள் எழுதிய ஐம்பத்தெட்டு அது. மூன்று மாதமும் அதையே கழித்துக்கொண்டிருந்தேன். தினமும் முப்பது பேரைச் செருப்பைக் கழற்றி ஏறச் சொல்கிறவள், தனியாக ஒரு தடவை அதில் ஏறவில்லை. மறதி என்று சொன்னால் பொய். பயம். வயிற்றைக் கண்ணாடியில் பார்ப்பதையே விட்டிருந்தேன்.

ஒரு மணிக்கு ஷட்டர் இறங்கியது. செருப்பைக் கழற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு ஏறி, பிறகு திறந்தேன். அறுபத்தொன்றரை. இறங்கினேன், சைக்கிளோடு ஏறினேன். எழுபத்துநாலு புள்ளி நான்கு. மருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக் கழித்தேன். நம்பாமல் இன்னொரு தடவை கழித்தேன். பன்னிரண்டு கிலோ தொள்ளாயிரம்.

சிரிப்பு வந்துவிட்டது. சைக்கிளிலிருந்து நான் கழற்றியதையெல்லாம் கறிபாப்பாக என்மேல் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். மூன்றரை கிலோ கூடியிருக்கிறது என்று மெஷின் சொல்லியும் எனக்குத் துளிகூட வருத்தமில்லை. உடம்பிலிருந்து ஏதோ இறங்கிப் போனதுபோலத்தான் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன அந்தப் பழையவளையே நினைத்து நினைத்துக் கழித்துக்கொண்டிருந்தேன், திரும்பி வந்தவளை ஒரு தடவைகூட நிறுத்துப் பார்க்கவில்லை. பாவம், இவளும் நன்றாகத்தான் மிதிக்கிறாள்.

வீட்டுக்குக் கீழே வந்து நின்றேன். பக்கத்து பிளாக் அண்ணனின் மோட்டார் சைக்கிள் நின்றது. மேலே டீ ஓடிக்கொண்டிருக்கும். நான் கூப்பிட்டால் வீட்டுக்காரர் இறங்கி வருவார். கூப்பிடவில்லை. முழங்காலை மடக்கி, மேல் குழாயை வலது தோளில் வாங்கி, பயிற்சிப் பெண் சொன்னபடி மூச்சை விட்டுக்கொண்டே எழுந்தேன். தோளில் உட்கார்ந்தது. முதல் மாடியில் நின்றேன், கையை வயிற்றில் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. இரண்டாவது மாடியில் கீழ்வீட்டு மலாய்க்கார அக்கா கதவைத் திறந்து, "அலமாக்!" என்று மட்டும் சொன்னாள், நம் ஐயையோ மாதிரி. ஐம்பத்து நான்காவது படியையும் ஏறிவிட்டேன். வலிக்கவில்லை.

வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததும் வீட்டுக்காரர் டீயைக் கொட்டிவிட்டு ஓடி வந்தார்.

"கீழ வை! கீழ வைடி! ஏன் என்னைக் கூப்புடல?"

"பன்னெண்டு கிலோ தொள்ளாயிரம்," என்றேன்.

நம்பவில்லை. சீட்டைக் காட்டினேன், நடந்ததைச் சொன்னேன். பக்கத்து பிளாக் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்கு சைக்கிளு இல்லன்னு இப்பவே புரிஞ்சுடுச்சு," என்று மீதி டீயைக் குடித்துவிட்டு எழுந்துபோனார். வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. செருப்பு ராக்கின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"வலிக்குதா?"

"இல்ல."

"நெசமா?"

"நெசமாத்தான். தொட்டுப் பாருங்க."

"எனக்கு இத விக்கணும்னு இல்லடி," என்றார். "அன்னிக்குத் தையல் விட்டப்போ நான் பக்கத்துல இருந்தேன். இப்ப நான் அங்க இருப்பேன். நீ பாட்டுக்குப் படியில கெடந்தா யாரு பாக்குறது?"

மூன்று மாதமாக அவர் விட்ட பெருமூச்சையெல்லாம் சோம்பல் என்று எழுதி வைத்திருந்தேன். அதையும் நான் சரியாக நிறுத்துப் பார்க்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ராக் முறிகிற சத்தம் கேட்டது, இரண்டு பேரும் எழுந்துவிட்டோம்.

ஞாயிறு அவர் பஸ் ஏறினார். திங்கள் மாலை தோட்டப் பாதையில் போய்விட்டு, சைக்கிளை நானே ஏற்றி, கதவைத் திறக்கும்போது போன் அடித்தது.

"ஏறிட்டியா?"

"ஏறிட்டேன். சைக்கிளு சுவத்துல சாஞ்சு நிக்குது. எனக்கு ஒண்ணும் இல்ல."

அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. மூன்று மாடிப் பெருமூச்சையும் ஒன்றாகச் சேர்த்து விட்டார்.

"சரி, போய் நல்லா சாப்புடு," என்றார்.