அரக்ஸியின் காருக்கு இரண்டு கண்கள்

பூர்ஜ் ஹம்மூது பாலத்தடியில் நின்ற போக்குவரத்துக் காவலர் விசில் ஊதி அந்தச் சிவப்புக் காரை ஓரங்கட்டச் சொன்னபோதே, எதற்கென்று அரக்ஸிக்குத் தெரிந்துவிட்டது.

"மதாம், என்னைப் பார்த்து எதுக்குக் கண்ணடிக்கிறீங்க?" என்றார் அவர், சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டு.

"நான் அடிக்கலை தம்பி, கார் அடிக்குது. வலது கண்ணு எழும்ப மாட்டேங்குது."

"இந்த வயசுல உங்களுக்கு இப்படி ஒரு கார் தேவையா?"

"இந்தக் காருக்குத்தான் என் வயசு தேவைப்படுது. சின்னப் பசங்க கையில குடுத்தா ஒரு மாசத்துல நொறுக்கிடுவாங்க."

காவலர் இப்போது வாய்விட்டே சிரித்துவிட்டார். "போங்க. அடுத்த தடவை ரெண்டு கண்ணையும் திறந்துக்கிட்டு வாங்க" என்று கையை வீசி அனுப்பினார்.

அது முப்பத்தைந்து வருடம் பழைய, தரையோடு தரையாகக் கிடக்கும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். அதன் முன்விளக்குகள் பகலில் மூடிக்கு அடியில் படுத்துக் கிடக்கும். சுவிட்சைப் போட்டால் மூடியையும் தூக்கிக்கொண்டு தவளைக் கண் மாதிரி எழுந்து நிற்கும். எழுந்து நிற்க வேண்டும். அரக்ஸியின் காரில் இடது விளக்கு மட்டும் எழும். வலது விளக்கு உள்ளேயே கிடந்து முனகும். தெருப் பிள்ளைகள் அந்தக் காருக்குக் 'கண்ணடிக்காரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். சில நாள் கழித்து அந்தப் பெயர் கார்க்காரிக்கும் ஒட்டிக்கொண்டது.

அரக்ஸிக்கு ஐம்பத்துமூன்று வயது. பல் கட்டுவது தொழில். பல் மருத்துவர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்துப் பல் செட்டு செய்து கொடுப்பது அவள் வேலை. செருப்புப் பட்டறைக்கு மேலே, மின்கம்பிகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் சன்னலுக்குப் பக்கத்தில் அவளுடைய வேலைக்கூடம் இருந்தது. பதினேழு வயதில் வேறொருவரிடம் வேலைக்குச் சேர்ந்தபோது, முடிந்த பற்களை பிஸ்கட் டின்னில் வைத்து மருத்துவர்கள் வீட்டுக்கு நடந்து கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அவளுக்கு முதலில் கிடைத்த வேலை. ஒரு மருத்துவர் வீட்டு வாசலில் இதே மாதிரி ஒரு கார் நிற்கும். மணியை அழுத்துவதற்கு முன்னால் அரக்ஸி அதை ஒரு சுற்று சுற்றி வருவாள். கண்ணாடியில் கன்னத்தை ஒட்டி உள்ளே பார்ப்பாள். யாரிடமும் அதைப் பற்றிச் சொன்னதில்லை. மகளைக் கட்டிக்கொடுத்து கடல் தாண்டி மார்செய்க்கு அனுப்பிய மறு வருடம், ஒரு கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் அதே வகைக் கார் ஒன்று விலைக்குக் கிடப்பதைக் கேள்விப்பட்டாள். போனாள், பார்த்தாள், வாங்கிவிட்டாள். கணவன் தோரோஸிடம் சொன்னது அதற்குப் பிறகுதான்.

தோரோஸ் ஊறுகாயும் பஸ்துர்மா என்னும் மசாலா தடவிய உப்புக்கண்டமும் விற்கிறவன். கடைவாசலில் கார் வந்து நின்றதும் கையிலிருந்த டர்னிப் ஊறுகாய் ஜாடியை மெதுவாகக் கீழே வைத்தான்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பே. நான் அப்பவும் வாங்கியிருப்பேன். ஒரு சண்டை மிச்சம்."

தோரோஸ் காரை இரண்டு முறை சுற்றி வந்தான். பிடித்திருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. அவன் சொந்த ஊர் அஞ்சார், மலைக்கு அந்தப் பக்கம் பெக்கா சமவெளியில் இருக்கிறது. ஒவ்வொரு செப்டம்பரும் அங்கே திருவிழா. பெரிய பெரிய அண்டாக்களில் கோதுமையும் இறைச்சியும் போட்டு ஹரிசா கிண்டுவார்கள். போகிற வழியில் தஹ்ர் எல் பைதர் கணவாயில் மூடுபனி இறங்கிவிட்டால் சொந்தக் கையே தெரியாது.

"இந்த ஒத்தைக் கண்ணியை நம்பி நான் மலை ஏற மாட்டேன். எப்பவும் போல சித்தப்பா வேன்லயே போயிக்கிறேன். ரெண்டு கண்ணும் வரட்டும், அப்புறம் முன்சீட்டுல உட்காருறேன்."

"பின்சீட்டே கிடையாதே, தோரோஸ்."

"அதுவும் ஒரு குறைதான்" என்றான் அவன்.

அரக்ஸி விளக்கைத் தூக்கும் மோட்டாரைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே இருந்த சின்னப் பல்சக்கரம் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தது. பல்தானே, நமக்கென்ன புதிதா என்று பல் செட்டுக்கு ஊற்றும் பொருளிலேயே ஒரு சக்கரம் வார்த்துப் பூட்டினாள். நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் நொறுங்கியது. அதே வாரம் இடது விளக்கும் எழுந்த நிலையில் இறங்காமல் நின்றுவிட்டது. கார் பார்ப்பதற்கு ஒரு புருவத்தைத் தூக்கிக்கொண்டு யாரையோ சந்தேகப்படுவது போல இருந்தது.

கார்களுக்குத் தகர வேலை செய்யும் அபூ நிம்ரிடம் கொண்டுபோனாள். அவர் பானெட்டில் கையை வைத்து நோயாளியின் நெற்றியைத் தொடுவது போலத் தொட்டுப் பார்த்தார்.

"மதாம், இந்த மோட்டார் இப்ப எங்கயும் கிடைக்காது. கிடைச்சா அதுவும் இதே மாதிரி தேஞ்சதாத்தான் இருக்கும். பேசாம ஒரு நல்ல காரா வாங்கிக்குங்க. நாலு கதவு, பெரிய டிக்கி, மனுஷன் போற மாதிரி."

அரக்ஸி அவர் பேச்சைக் காதில் வாங்கவில்லை. விளக்கின் மேல்மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எழும்பவே வேண்டாம், அபூ நிம்ர். படுத்தபடியே பார்க்கட்டும். இந்தத் தகர மூடிக்குப் பதிலா அதே வளைவுல கண்ணாடி மாதிரி ஒரு மூடி. உள்ளே நிலையா நிக்கிற விளக்கு. பானெட்டுக்கு மேல ஒரு மயிரிழை கூடத் துருத்தக் கூடாது."

"யார் செய்வா?"

"நான்தான்."

"நீங்க பல்லு கட்டுறவங்க."

"நான் கட்டுற பல்லு ஒரு மயிரிழை உசந்தாலும் ராத்திரியே போன் பண்ணித் திட்டுவாங்க. உங்க கார்ல ஒரு விரல் உசந்தா யார் கேக்குறா?"

அபூ நிம்ருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, காபி வரவழைத்து, அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். கடைசியில், "மோட்டாரைக் கழட்டித் தர்றேன். அடியில விளக்கு உட்காரக் கிண்ணம் நான் செய்றேன். கண்ணாடி உங்க பாடு. சிரிக்கிறது என் பாடு" என்றார்.

விளக்குகளைக் கையால் இறக்கி, மூடிகள் தம் இடத்தில் சரியாகப் படுத்திருக்கும்போது, அரக்ஸி அதன் மேலும் சுற்றியுள்ள பானெட்டின் மேலும் மாவுக்கட்டு குழைத்து அச்செடுத்தாள். அந்த அச்சில் திரும்ப ஊற்றி, மூடியின் வளைவை அப்படியே வெள்ளைக் கட்டியாக எடுத்தாள். பல் கூடத்து மேசையில் இரண்டு வெள்ளை வளைவுகள், பக்கத்தில் யாரோ ஒருவரின் கீழ்த்தாடை என்று வரிசையாக நின்றன. பெயர்ப்பலகை செய்கிறவரிடம் தெளிவான அக்ரிலிக் தகடு வாங்கினாள். அதைச் சூடாக்கி இளகவைத்து, அந்த வெள்ளை வளைவின் மேல் போர்த்த வேண்டும். அவ்வளவு பெரிய தகடு நுழையக்கூடிய அடுப்பு அவளிடம் இல்லை. எதிர்ச்சாரியில் லஹ்மஜூன் என்னும் இறைச்சி ரொட்டி போடும் மானூக்கிடம் இருந்தது.

"அக்கா, என் அடுப்புல பிளாஸ்டிக்கா?" மானூக் மாவுக் கையோடு நெஞ்சில் கை வைத்தான். "ஊர்ல என் லஹ்மஜூன் வாசனைக்கு ஒரு மரியாதை இருக்கு."

"உன் அம்மாவுக்குப் பல்லு கட்டினது யாரு?"

"நீங்கதான்."

"இப்ப அவங்க எதைக் கடிக்கிறாங்க?"

"எல்லாத்தையும். என்னையும் சேர்த்து" என்று சொல்லிவிட்டு மானூக் அடுப்பைத் திறந்துவிட்டான். மதியக் கூட்டம் போனபிறகு, நெருப்பு அணைந்து சூடு தணிந்த நேரத்தில், அடுப்பு அவளுடையது என்று பேச்சு.

முதல் தகடு வெளியே வந்தபோது முழுக்கக் கொப்புளம். சோடாவை உறையவைத்த மாதிரி இருந்தது. மானூக் அதைத் தூக்கிப் பிடித்து, "பனிக்காலத்துக்கு நல்லா இருக்கும்" என்றான். அரக்ஸிக்குக் காரணம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. தகட்டுக்குள் ஈரம் இருந்திருக்கிறது. பல் செட்டிலும் இதே தொல்லை வரும். அடுத்த தகட்டை இரண்டு நாள் அடுப்பின் மேல்திட்டில் மிதமான சூட்டில் காயவைத்தாள். கொப்புளம் இல்லை. ஆனால் அவசரத்தில் துண்டால் அழுத்தியதில் துண்டின் நூல் வரி அப்படியே பதிந்துவிட்டது. வலது கைக் கட்டைவிரலும் வெந்துவிட்டது. மூன்றாவது தடவை, மானூக் ஒரு முனையும் அவள் ஒரு முனையுமாகப் பிடித்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு வளைவின் மேல் தொங்கவிட்டார்கள். தகடு சோர்ந்து, படிந்து, வளைவோடு ஒட்டிக்கொண்டது. மானூக் அந்த இடத்திலேயே ஒரு சுற்று ஆடினான். மறுநாள் அடுத்த மூடியும் அதே மாதிரி வந்தது.

அடுத்த ஒரு வாரம் அரக்ஸி பற்களுக்கு மெருகு போடும் அதே பொடியால் அந்த மூடிகளுக்கும் மெருகு போட்டாள். பல்லில் கடி சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் நீலக் காகிதத்தை மூடிக்கும் பானெட்டுக்கும் நடுவில் வைத்து அழுத்தினாள். எங்கே நீலம் ஒட்டுகிறதோ அங்கே ஒரு துளி ராவினாள். பிறகு மறுபடி வைத்தாள், மறுபடி ராவினாள். அபூ நிம்ர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் மூடி உட்கார்ந்ததும் கண்ணை மூடி விரலை ஓட்டிப் பார்த்தார். தகரம் எங்கே முடிகிறது, மூடி எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. நேரே போய், தான் செய்து வைத்திருந்த உள்கிண்ணங்களை எடுத்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

"நல்லாத்தானே இருந்துச்சு?" என்றாள் அரக்ஸி.

"இருந்துச்சு. இப்ப பத்தாது."

திருவிழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது முதல்முறையாக விளக்கு எரிந்தது. அபூ நிம்ரின் பட்டறைக்கு எதிரே இருந்த கிடங்குச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, இருட்டத் தொடங்கும் நேரத்தில் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார்கள். சாய்ந்த மூடியில் பட்டு வெளிச்சம் பாதி ரோட்டுக்கும் பாதி பக்கத்துக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கும் போனது. மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பெண்மணி எட்டிப் பார்த்து, "யாரைத் தேடுறீங்க?" என்று சத்தம் போட்டாள். விளக்கை மூடிக்கு நெருக்கமாக முன்னால் தள்ளி, கிண்ணத்துக்குக் கருப்பு அடித்து, மூன்று திருகாணிகளைத் திருகித் திருகி வெளிச்சத்தைக் கோட்டுக்குக் கீழே இறக்கினார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் மூடிக்கு உள்ளே முழுக்க நீராவி. காருக்குக் கண்புரை விழுந்த மாதிரி இருந்தது. அரக்ஸிக்கு அழுகையே வந்துவிட்டது. கூடத்துக்குப் போய், பல்லைத் துளையிடும் மெல்லிய ஊசியை எடுத்து வந்து, கிண்ணத்தின் அடியில் காற்றுப் போக நான்கு துளைகள் போட்டாள். மதியத்துக்குள் ஆவி கலைந்தது. அதற்கடுத்த காலையும் தெளிவாகவே விடிந்தது.

சனிக்கிழமை மதியம் தோரோஸ் இரண்டு ஜாடி ஊறுகாயை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினான். முட்டி மோவாயில் இடித்தது.

"சித்தப்பா வேன் இன்னும் கிளம்பலை" என்றான்.

"இறங்கிக்கோ."

"சும்மா சொன்னேன்."

ஆலே ஊரைத் தாண்டும் வரை வெயில். கணவாய்க்கு ஏறும்போது மூடுபனி சுவர் மாதிரி எதிரே வந்து நின்றது. லாரிகள் ஓரமாக ஒதுங்கி ஊர்ந்துகொண்டிருந்தன. அரக்ஸி சுவிட்சைத் தட்டினாள். எதுவும் எழவில்லை, எதுவும் முனகவில்லை. பானெட்டின் வளைவுக்குள்ளிருந்தே தாழ்வாக, அகலமாக இரண்டு வெளிச்சங்கள் கிளம்பி ரோட்டின் மேல் பாய் விரித்த மாதிரி விழுந்தன. ஓரத்து வெள்ளைக் கோடு தெளிவாகத் தெரிந்தது. அவள் அந்தக் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தோரோஸும் ஜாடிகளைக் கட்டிப் பிடித்தபடி கோட்டையே பார்த்தான். கொஞ்ச தூரம் போனதும், "இடப்பக்கம் வளைவு வருது. நான் பார்க்குறேன், நீ ஓட்டு" என்றான். இறக்கம் முழுக்க ஒவ்வொரு வளைவாகச் சொல்லிக்கொண்டே வந்தான். பனி சட்டென்று விலகி, கீழே சமவெளி மஞ்சளாக விரிந்தபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். பிறகு அதற்காகச் சிரித்தார்கள்.

வழியில் ஷ்தௌராவில் லப்னே என்னும் கெட்டித் தயிர் தடவிய ரொட்டி வாங்க நிறுத்தினார்கள். கடைக்காரர் ரொட்டியைச் சுருட்டிக்கொண்டே காரை எட்டிப் பார்த்தார்.

"இந்த மாடலுக்கு விளக்கு எழும்புமே? இது எந்தக் கம்பெனி செஞ்சது?"

அரக்ஸி வாயைத் திறப்பதற்குள் தோரோஸ் முந்திக்கொண்டான். "கம்பெனியா? என் பொண்டாட்டி! மாவுக்கட்டுல அச்செடுத்து, லஹ்மஜூன் அடுப்புல வேகவச்சு..." ரொட்டி ஆறும்வரை நிறுத்தவில்லை. அடுப்பு யோசனையைத் தானே சொன்னதாகவும் நடுவில் ஒரு வரி சேர்த்துக்கொண்டான். அரக்ஸி அதைத் திருத்தவில்லை.

அஞ்சாரில் அண்டாக்களுக்கு அடியில் நெருப்பு மூட்டியிருந்தார்கள். சித்தப்பா வேன் பனிக்குப் பயந்து கணவாய்க்கு அந்தப் பக்கமே காத்திருந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வந்தது. அதற்குள் தோரோஸ் அந்தக் கதையை ஏழெட்டுப் பேரிடம் சொல்லி முடித்திருந்தான். மச்சான் ஒருவன் தன் நண்பனுக்கும் இதே கார் இருப்பதாகச் சொல்லி, அவனுக்கும் செய்து தர முடியுமா என்று கேட்டான்.

"செய்றேன். ஆனா பல்லுதான் முதல்ல. பல்லில்லாம ஆளுங்க காத்திருக்காங்க. கார் காத்திருக்கும்" என்றாள் அரக்ஸி.

மேளமும் சூர்னாக் குழலும் கிளம்பின. ஆட்கள் விரல் கோத்து வரிசை கட்டினார்கள். அரக்ஸி கட்டைவிரலில் துணிக்கட்டோடு போய் நடுவில் நுழைந்துகொண்டாள். பக்கத்தில் நின்ற பெண் கட்டைப் பார்த்து, "அய்யோ, என்ன ஆச்சு?" என்றாள்.

"சமைக்கும்போது சுட்டுக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு, அரக்ஸி காலை எடுத்து வைத்தாள்.