திரும்பி வந்து வாசித்துக் காட்டுகிறவர்

ஷார்ஜா ரோலாவில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் நான்காவது மாடியில் மாரித் என்று ஒரு நார்வே நாட்டு அம்மா இருக்கிறார். பத்திரிகையாளர். அவரிடம் எதையாவது பேசிவிட்டால், மறுநாள் அதைத் தாளில் எழுதிக்கொண்டு வந்து நிற்பார். "நேற்று நீங்கள் சொன்னது இதுதானா?" என்று வாசித்துக் காட்டுவார். முதல் தடவை எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. லிஃப்டுக்குக் காத்திருந்தபோது, மத்தியான வெயிலில் கட்டட சைட்டில் நிற்கிறவர்களைப் பற்றி வாய் தவறி இரண்டு வார்த்தை சொல்லியிருந்தேன். காலையில் அது அவர் கையில் தாளாக இருந்தது. விசா கொடுத்த முதலாளியான கஃபீல், விசா ரத்து, ஊருக்குப் போகும் விமானம் எல்லாம் கண்முன் ஓடின. "மாஃபி மேடம், மாஃபி! நான் ஒன்றும் சொல்லவில்லை" என்றேன். அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். பிறகு என் கண் எதிரிலேயே அத்தனை வரிகளின் மேலும் கோடு இழுத்தார். "கலாஸ், முடிந்தது" என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போனார்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு என் தொழிலைச் சொன்னால்தான் என் திகைப்பு புரியும். நான் டைப்பிங் சென்டரில் வேலை பார்க்கிறேன். கீழக்கரையில் சின்ன வயதில் குர்ஆன் ஓதப் போய்க் கற்றுக்கொண்ட அரபி எழுத்துதான் இங்கே எனக்குச் சோறு போட்டது. விசா, ரத்து, புதுப்பித்தல் என்று எல்லாப் படிவங்களையும் அரபியில் தட்டிக் கொடுப்பேன். எதிரே இருப்பவர் எங்கே கையெழுத்து என்று கேட்பார், விரலால் காட்டுவேன், போட்டுவிட்டுப் போவார். இருபத்தெட்டு வருடத்தில் நான் தட்டியதை யாருக்கும் வாசித்துக் காட்டியதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

மாரித் அம்மாவின் வாழ்க்கையும் எனக்குப் படிவங்கள் வழியாகத்தான் தெரியும். இருபத்து நான்கு வயதில், எண்ணெய்க் கம்பெனி எஞ்சினியரின் மனைவியாகக் குவைத்தின் ஃபஹாஹீலுக்கு வந்திருக்கிறார். அன்றைய விசாவில் தொழில் என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்ததாம். கணவர் வேலை முடிந்து ஊர் திரும்பினார். இவர் திரும்பவில்லை. அரபி கற்றார். பஹ்ரைனில் சில வருடங்கள் இருந்து நார்வே பத்திரிகைகளுக்கு எழுதினார், அரபிக் கதைகளை நார்வே மொழிக்குக் கொண்டுபோனார். ஷார்ஜாவுக்கு வந்தபோது அவருடைய படிவத்தைத் தட்டியது நான்தான். தொழில் என்ற இடத்தில் என்ன போடுவது என்று கேட்டேன். "மொழிபெயர்ப்பாளர்" என்று நிமிர்ந்து சொன்னார். இதுவும் ஒரு பிழைப்பா என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டே தட்டினேன்.

அதே பிழைப்பைத்தான் என் மகள் ரிஸ்வானா கேட்டு நின்றாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். ஆங்கிலமும் அரபியும் தண்ணீர்பட்ட பாடு, தமிழ் வீட்டுக்கு மட்டும். துபாயில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்த நேரம் பார்த்து மாரித் அம்மா, ஒரு தமிழ்த் தொழிலாளியைப் பற்றி எழுதுகிறேன், ரிஸ்வானா கூட வரட்டும், சரியாக வந்தால் தொடர்ந்து என்னோடு வேலை செய்யட்டும் என்றார். பத்திரிகை என்ற சொல்லே எனக்கு ஆகாது. "ஒரு தடவை போகட்டுமேங்க, பிள்ளை ஏங்குது" என்றாள் என் மனைவி நஸீரா. ஒரே ஒரு தடவை, அதுவும் என் கண் முன்னால் என்று ஒப்புக்கொண்டேன்.

அந்தத் தொழிலாளி முனியசாமி. முதுகுளத்தூர்ப் பக்கம். கப்பல் பழுதுபார்க்கும் துறையில் இருபத்தாறு வருடமாகப் பெயிண்டர். விசாவை ரத்து செய்துகொண்டு ஊர் திரும்ப இருந்தார். அவர் தாள்களை வருடக்கணக்காகத் தட்டியவன் நான் என்பதால், பேச்சு எங்கள் சென்டரிலேயே நடந்தது. அவர் தமிழில் பேச, ரிஸ்வானா ஆங்கிலத்தில் சொல்ல, மாரித் அம்மா எழுதிக்கொண்டார். என் மகளின் வேகத்தைப் பார்த்து எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமைதான்.

மறுநாள் வழக்கம்போல மாரித் அம்மா தாளோடு வந்தார். அவர் ஆங்கிலத்தில் வாசிக்க, ரிஸ்வானா ஒவ்வொரு வரியாகத் தமிழில் முனியசாமிக்குச் சொன்னாள். "கப்பலின் அடிப்பாகத்துக்கு நான் பெயிண்ட் அடிக்கிறேன். தண்ணீரில் இறக்கிவிட்டால் அது யாருக்கும் தெரியாது. என் கஷ்டமும் அப்படித்தான், யாருக்கும் தெரியாது."

முனியசாமி கையை உயர்த்தினார். "நிப்பாட்டு பாப்பா. கடைசில வந்துச்சே, அத நான் சொல்லலையே."

ரிஸ்வானாவின் முகம் செத்துப்போனது. "யாருக்கும் தெரியாதுன்னு நீங்கதானே அங்கிள்..." என்று இழுத்தாள்.

"தெரியாதுன்னேன். அழுதேனா? கீழ அடிச்ச பெயிண்ட் வெளிய தெரிஞ்சா கப்பல் கவுந்துருச்சுன்னு அர்த்தம் பாப்பா! தெரியாம இருந்தாத்தான் நான் பெயிண்டரு." சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். "இருபத்தாறு வருசத்துல நான் அடிச்ச கப்பல் எதுவும் மல்லாக்கப் படுக்கல. வேணும்னா அதப் போடச் சொல்லு அந்தம்மாட்ட."

கல்ஃபில் வளர்ந்த பிள்ளை. பெயிண்டர் என்றால் கண்ணீர் இருக்க வேண்டும் என்று அவளாகவே ஒரு வரி சேர்த்துவிட்டாள். முதல் தடவையிலேயே பிழை. மாரித் அம்மா இனி வேண்டாம் என்பார், திங்கட்கிழமை இன்சூரன்ஸ் அலுவலகம் என்று எனக்குள் ஒரு நிம்மதி எழுந்ததை மறைக்க மாட்டேன். ஆனால் ரிஸ்வானா அழவில்லை. மாரித் அம்மா பக்கம் திரும்பி, "அந்த வரி என்னுடையது. அவர் சொல்லவே இல்லை" என்று தெளிவாகச் சொன்னாள். பிறகு முனியசாமி சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். கேட்ட மாரித் அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தார். கஷ்டத்தின் மேல் கோடு இழுத்தார். கவிழாத கப்பலை எழுதினார்.

எழுதி முடித்துவிட்டு அவர் ஒன்று சொன்னார். ஃபஹாஹீலில் இருந்தபோது அவர் எழுதிய முதல் கட்டுரை ஒரு மீன் வியாபாரியைப் பற்றியது. பாவப்பட்டவராக எழுதி அனுப்பிவிட்டார். யாரோ அதை அந்த மனிதருக்குப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். "என்னை ஏன் அழவைத்தாய்? நான் அழுகிற ஆளா?" என்று சந்தையில் எல்லோர் முன்னாலும் கேட்டாராம். "எங்கள் ஊரில், பேசியவருக்குத் திரும்பக் காட்டுவது பத்திரிகை வழக்கம். நான்தான் அவசரத்தில் விட்டுவிட்டேன். உங்கள் மகள் ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். எனக்கு அதைக் கற்றுக்கொள்ள அந்தச் சந்தை தேவைப்பட்டது."

முனியசாமி எழுந்துகொண்டே ரிஸ்வானாவிடம் சொன்னார்: "வாசிச்சுக் காட்டுனியே, அதுவே பெருசு பாப்பா. நான் எத்தன தாள்ல கையெழுத்துப் போட்டிருப்பேன், ஒருத்தனும் வாசிச்சுக் காட்டுனதில்ல." அவர் என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். அத்தனை தாள்களையும் தட்டியவன் நான்தான்.

அன்று அவருடைய ரத்துத் தாளை ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டினேன். பிறகுதான் கையெழுத்துக்கு விரல் நீட்டினேன். திங்கட்கிழமை இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கு ரிஸ்வானா வேலைக்கு வர மாட்டாள் என்று தொலைபேசியில் சொன்னதும் நான்தான்.

கட்டுரை நார்வேயில் வந்தது. கவிழாத கப்பல்தான் தலைப்பு. கீழே மாரித் அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் என் மகள் பெயர். ஒரு எழுத்துகூடப் புரியாத அந்தப் பக்கத்தை நஸீரா கண்ணாடிச் சட்டம் போட்டு ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறாள். முனியசாமி ஊரிலிருந்து போன் செய்து, "பாய், நம்ம கப்பல் நார்வே வரைக்கும் போயிருச்சு" என்றார். இப்போது ரிஸ்வானா ஒரு வருடம் நார்வே மொழி படிக்கப் புறப்படுகிறாள். மாரித் அம்மாவோ, அந்தக் குளிர் யாருக்கு வேண்டும், ரோலாதான் என் ஊர் என்று நான்காவது மாடியிலேயே இருக்கிறார்.

போன வாரம் ரிஸ்வானாவின் நார்வே விசா படிவத்தை நானே எங்கள் சென்டரில் உட்கார்ந்து நிரப்பினேன். தொழில் என்ற கட்டத்தில் 'மொழிபெயர்ப்பாளர்' என்று தட்டினேன். பயமும் இருந்தது, பயம் மட்டும் இல்லை. முடித்துவிட்டு வாசித்துக் காட்டினேன். பெயர், சரி. பிறந்த ஊர் ஷார்ஜா, சரி. தொழிலைக் கேட்டுச் சிரித்தாள். நிரந்தர முகவரி, கீழக்கரை.

"அதை நான் சொல்லலையே வாப்பா."

உண்மைதான். அவள் கீழக்கரையில் இருந்ததெல்லாம் விடுமுறை நாட்கள். ரோலா என்று போடலாமென்றால், அது என் விசா உள்ளவரைதான் எங்கள் வீடு. "அப்ப என்னம்மா போட?" என்றேன். நான் கீழக்கரையை எழுத்து எழுத்தாக அழித்தேன். வெற்றுக் கட்டத்தில் சின்னக் கோடு மட்டும் மின்னி மின்னி நின்றது. அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், "யல்லா பாய், ஜல்தி" என்று அவசரப்படுத்தினார்.

"கொஞ்சம் பொறுங்க பாய்" என்றேன். "இன்னும் வாசிச்சு முடிக்கல."